சொந்தமாக ஒரு யுஎஸ்பி டேக், ஹெட்ஃபோன் ஆம்ப்: சிப்பைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம்

கேள்வி இதுதான்: கணினியின் யுஎஸ்பியில் செருகி ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்க, டேக்கும் (டிஜிட்டல் எண்களை ஆடியோ சிக்னலாக்கும் சிப்) ஆம்பும் (அந்தச் சிக்னலுக்கு ஹெட்ஃபோனை ஓட்டும் வலு தரும் பெருக்கி) ஒரே பெட்டியில் இருக்கும்படி சொந்தமாகச் செய்ய வேண்டும். சால்டரிங் வரும், சி மொழி ஓரளவு வரும். எந்த டேக் சிப் வாங்கலாம், ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் ஓடும் நிரலை, எங்கே தொடங்குவது?

சிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிசிஎம்5102ஏ. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இந்தச் சிப்பைப் பொருத்திய ரெடிமேட் போர்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. 3.3 வோல்ட் கொடுத்தால் போதும், 112 டெசிபல் டைனமிக் ரேஞ்ச், அதாவது சிப்பின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி. காகிதத்தில் இதைவிடப் பெரிய எண் காட்டும் சிப்புகள் உண்டு. ஆனால் முதல் முறை செய்யும் பெட்டியில் கேட்கிற ஹம், சீறல், நடுநடுவே விழும் 'டிக்', பாட்டை நிறுத்தினாலும் நிற்காத விசில் ஆகியவற்றுக்கு அநேகமாக டேக் சிப் பொறுப்பே இல்லை. கிரவுண்ட் ஒயரிலிருந்து வரும், சப்ளையிலிருந்து வரும், ஆம்பின் வெளியீட்டிலிருந்து வரும். சாம்பிள்களுக்குத் தாளம் போடும் க்ளாக்கிலிருந்தும் வரும். என் முதல் பெட்டிக்குச் சிப் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் டேட்டாஷீட்டுகளைப் புரட்டினேன். செய்து முடித்தபின் மூன்று மாதம் ஒரே ஒரு 'டிக்' சத்தத்தைத் துரத்தினேன். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

அதனால் என் யோசனை, ஹெட்ஃபோனில் ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். உங்களிடம் இருக்கும் ஹெட்ஃபோனுக்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்பியர் வேண்டும் என்று தெரியாமல் ஆம்பைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. கணக்கு எளிது. 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று போட்டிருக்கும் ஒரு ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம். இசையின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் 13 டெசிபல் கூடுதலாக வேண்டும், அதாவது 20 மில்லிவாட். 300 ஓமில் 20 மில்லிவாட் என்பது 2.45 வோல்ட் ஆர்எம்எஸ் (சராசரி வலுவைச் சொல்லும் அளவு, உச்சம் இதைவிட அதிகம்); கரன்ட் வெறும் 8 மில்லியாம்பியர். இன்னொரு ஹெட்ஃபோன் 32 ஓம், ஆனால் மில்லிவாட்டுக்கு 90 டெசிபல்தான் தரும் சோம்பேறி. அதற்கு 100 மில்லிவாட் வேண்டும்: 1.8 வோல்ட், ஆனால் 56 மில்லியாம்பியர், உச்சத்தில் 79. முதலாவது வோல்டேஜ் கேட்கிறது, இரண்டாவது கரன்ட் கேட்கிறது. "இந்த ஆம்ப் வலுவானதா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் ஏன் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

காதுக்குள் செருகும் வகை இரண்டுக்கும் நேர் எதிர். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் என்றால், டேக் தரும் 2.1 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 275 மில்லிவாட் போகும். 134 டெசிபல். காது போய்விடும். அதற்கு ஆம்ப் பெருக்கவே வேண்டாம், கரன்ட் மட்டும் கொடுத்தால் போதும். நிறையப் பேர் ஆம்ப் என்றாலே பத்து மடங்கு கெயின் (பெருக்கம்) வைத்துவிடுகிறார்கள். பிசிஎம்5102ஏ ஏற்கனவே 2.1 வோல்ட் தருகிறது. மேலே சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோனுக்குக்கூட இரண்டு மடங்கு தாராளம். ஒரு ஸ்விட்ச் வைத்து 1, 2 என்று இரண்டு கெயின் கொடுங்கள். மீதியெல்லாம் இரைச்சலைப் பெருக்குவதற்குத்தான் உதவும்.

அடுத்தது அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டிலேயே இருக்கும் ஓம் தடை. இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டாவிட்டால் நம்ப மாட்டீர்கள். பாலன்ஸ்டு ஆர்மச்சர் டிரைவர்கள் (காதுக்குள் செருகும் வகையில் வரும் குட்டி ஸ்பீக்கர்கள்) பல உள்ள இயர்ஃபோனில் இம்பிடன்ஸ் ஒரே எண்ணாக இருக்காது. ஒரு அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னொன்றில் 32 ஓம் என்று ஏறி இறங்கும். ஆம்பின் வெளியீட்டில் 10 ஓம் இருந்தால், முதல் இடத்தில் 18க்கு 8 பங்கு போய்ச் சேரும், இரண்டாவது இடத்தில் 42க்கு 32 பங்கு. வித்தியாசம் 4.7 டெசிபல். கேட்காமலேயே ஒரு ஈக்வலைசரைப் பொருத்திய மாதிரி. ஹெட்ஃபோன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் வைத்திருங்கள் என்று சொல்வது இதனால்தான். சின்ன இயர்ஃபோனும் ஓட்ட வேண்டுமென்றால் 1 ஓமுக்குக் கீழே போகப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பழைய, சோதித்த விடை ஒன்று இருக்கிறது. 2011இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட ஆப்ஜெக்டிவ்2 ஹெட்ஃபோன் ஆம்ப், சுருக்கமாக ஓ2. பெருக்குவதற்கு என்ஜேஎம்2068, ஓட்டுவதற்கு என்ஜேஎம்4556ஏ. இந்த 4556 ஒரு பிரிவுக்கு 70 மில்லியாம்பியர் வரை கொடுக்கும் ஆப்-ஆம்ப், அதாவது பெருக்கிச் சிப். ஒவ்வொரு சானலுக்கும் ஒரு சிப் போட்டு, அதன் இரண்டு பிரிவுகளையும் தலா 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்திருப்பார். 1 ஓமும் 1 ஓமும் இணையாக, அவுட்புட் அரை ஓம். அழகே அவ்வளவுதான். வால்யூம் பொட்டை (திருகும் ரெசிஸ்டரை) கெயினுக்குப் பிறகு வைத்திருப்பதும் யோசித்துச் செய்ததுதான்: வால்யூமைக் குறைத்தால் முதல் ஸ்டேஜின் இரைச்சலும் சேர்ந்து குறையும். நம் கதையில் கெயின் 1 அல்லது 2தான் என்பதால், 10 கிலோஓம் லாக் பொட் ஒன்று, அதற்குப் பின் சானலுக்கு ஒரு 4556, அவ்வளவே போதும். டிபிஏ6120ஏ2 மாதிரி கரன்ட் ஃபீட்பேக் சிப்புகள் காகிதத்தில் பிரமாதம். ஆனால் ஃபீட்பேக்கில் தவறான இடத்தில் ஒரு குட்டி கெபாசிட்டர் போட்டால் ஊசலாட, அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அலை உண்டாக்க, ஆரம்பித்துவிடும். இரண்டாவது பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசலாட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆப்-ஆம்பின் இரண்டு சப்ளை கால்களுக்கும் ஒட்டினாற்போல் 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வேண்டும். "ஒட்டினாற்போல்" என்றால் சில மில்லிமீட்டர், போர்டின் மறுமுனையில் இல்லை. நான் ஒரு முறை பிரெட்போர்டில் நீளமான ஒயர்களோடு போட்டேன். பாட்டு நன்றாகத்தான் கேட்டது, ஆனால் சிக்னலே இல்லாதபோதும் சிப்பின் மேல் விரல் வைக்க முடியாத சூடு. மல்டிமீட்டர் ஒன்றும் காட்டவில்லை, ஏனென்றால் ஊசலாட்டம் நடந்தது அது பார்க்க முடியாத மெகாஹெர்ட்ஸில். ஆஸிலோஸ்கோப் இல்லாதவருக்கு விரல்தான் ஆஸிலோஸ்கோப்: சும்மா இருக்கும் சிப் சுட்டால் சந்தேகப்படுங்கள்.

சப்ளைக்கு வருவோம். 2.45 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 3.5 வோல்ட், ஆப்-ஆம்புக்கு அதற்கு மேல் சில வோல்ட் இடம் வேண்டும். பிளஸ் மைனஸ் 9 வசதியாக இருக்கும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து அதை உண்டாக்க ஸ்விட்சிங் கன்வர்ட்டர்கள் வேண்டும், அவற்றின் இரைச்சலை அடக்கக் குறைந்த இரைச்சல் ரெகுலேட்டர்கள் வேண்டும். முதல் பெட்டிக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வையுங்கள், ஓ2வும் அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு பேட்டரி மட்டும் முதலில் செத்தால் ஆம்பின் வெளியீடு மற்ற பக்கத்துக்குச் சாய்ந்து, ஹெட்ஃபோனுக்குள் டிசி போகும். ஓ2வில் இதற்காகவே இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டிவிடும் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கிறது. அதைத் தேவையில்லாத அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இங்கே நிறையப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. ஒரே சப்ளையை இரண்டு ரெசிஸ்டரால் நடுவில் பிரித்து, அந்த நடுப்புள்ளியைக் கிரவுண்ட் என்று வைத்துக்கொள்ளும் விர்ச்சுவல் கிரவுண்ட் ஆம்புகள். சிமோய் என்று ஊரறிந்த சின்ன ஆம்ப் அந்த வகை. தனி பேட்டரியில் ஓடும்வரை அதில் குற்றமே இல்லை. அதையே டேக் ஓடும் 5 வோல்ட்டிலிருந்து ஓட்டினால்? டேக்கின் கிரவுண்ட் என்பது சப்ளையின் மைனஸ். ஆம்பின் கிரவுண்ட் என்பது அதைவிட 2.5 வோல்ட் மேலே. ஆடியோ ஒயரின் கிரவுண்டை இணைத்த நொடியில் பாதிச் சப்ளை ஷார்ட். புகை வந்தபின் "சிப் டூப்ளிகேட்" என்று விற்றவரைத் திட்டுவார்கள்.

கிரவுண்ட் ஒயரில் இன்னொரு நுணுக்கம். ஹெட்ஃபோன் ஜாக்கின் பொதுக் காலிலிருந்து வரும் ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். அது டேக் போர்டின் கிரவுண்ட் வழியாகச் சுற்றிப் போனால், அந்த வழியில் 0.05 ஓம் இருந்தாலே 56 மில்லியாம்பியருக்கு 2.8 மில்லிவோல்ட் விழும். 1.8 வோல்ட் சிக்னலுக்கு அது சுமார் 56 டெசிபல் கீழே. 112 டெசிபல் சிப்பை வாங்கி அதில் பாதியை ஒரு ஒயரில் தொலைத்தாயிற்று. ஜாக்கின் கிரவுண்டை நேராகச் சப்ளையின் நடுப்புள்ளிக்கு, தனி ஒயரில், கொஞ்சம் தடிமனாகவே இழுங்கள். டேக்கின் ஆடியோ கிரவுண்டும் அங்கேயே வந்து சேரட்டும்.

சரி, டேக் போர்டு. பிசிஎம்5102ஏவுக்கு ப்ரோகிராம் கிடையாது. கால்களை மேலே (3.3 வோல்ட்டில்) அல்லது கீழே (கிரவுண்டில்) கட்டினால் அதுதான் செட்டிங். எஃப்எம்டி கீழே, அதாவது அடுத்த பத்தியில் வரும் ஐ2எஸ் வடிவம். எஃப்எல்டி கீழே, டெம்ப் கீழே. எஸ்சிகே காலைக் கிரவுண்டில் கட்டினால் சிப் தன் பிஎல்எல் (க்ளாக்கைப் பெருக்கும் சர்க்யூட்) மூலம் பிட் க்ளாக்கிலிருந்தே மாஸ்டர் க்ளாக்கை உண்டாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டால் என்னென்னவோ செய்யும். எக்ஸ்எஸ்எம்டி என்பது மியூட்: கீழே இருந்தால் ஊமை, மேலே இருந்தால் பேசும். ரெடிமேட் போர்டுகளின் பின்பக்கம் இதற்கெல்லாம் குட்டி சால்டர் பட்டைகள் இருக்கும், சிலவற்றில் எதுவுமே ஒட்டாமல் வரும். "எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை" என்று வரும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எக்ஸ்எஸ்எம்டியை மட்டும் நிரந்தரமாக மேலே கட்டாமல் ஃபர்ம்வேர் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ஒரு காலுக்குக் கொடுங்கள். ஆடியோ ஒழுங்காக ஓட ஆரம்பித்தபின் மியூட்டை எடுக்கலாம். செருகும்போது வரும் 'டப்' பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஐ2எஸ் என்பது சிப்புகளுக்கிடையே ஆடியோவை அனுப்பும் முறை, பிலிப்ஸ் 1986இல் வெளியிட்டது. மூன்று ஒயர்: பிட் க்ளாக், இடம் வலம் சொல்லும் எல்ஆர் க்ளாக், டேட்டா. 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவைச் சொல்லும் எண்கள்) ஒரு சானலுக்கு 32 பிட் என்றால் பிட் க்ளாக் 3.072 மெகாஹெர்ட்ஸ். இதில் ஒரே ஒரு தந்திரம், எல்ஆர் மாறி ஒரு பிட் தள்ளித்தான் டேட்டாவின் முதல் பிட் வர வேண்டும். அந்த ஒரு பிட்டைத் தவறவிட்டால் வரும் நோய்க்குறி வேடிக்கையானது: மெதுவான பகுதி நன்றாக, சொல்லப்போனால் 6 டெசிபல் அதிகமாகவே கேட்கும்; பாட்டு உரக்கப் போகும் இடத்தில் மட்டும் தாறுமாறாகக் கிழியும். காரணம், சிப் பிளஸ் மைனஸ் சொல்லும் பிட்டைத் தாண்டிவிட்டு அடுத்ததைக் குறியாக எடுத்துக்கொள்கிறது. சின்ன எண்களில் அந்த இரண்டு பிட்டும் ஒன்றாகவே இருப்பதால் தப்பு தெரியாது. மெதுவான பகுதியிலும் கரகரவென்றிருந்தால் தப்பு எதிர்ப்பக்கம். எட்டு சானல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (ஒயரில் போகும் பிட்டுகளைப் பதிவு செய்யும் கருவி) ஒன்றும் பல்ஸ்வியூ மென்பொருளும் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு ஆர்பி2040 போதும், அதாவது 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ. அதில் ஐ2எஸ் தனியாகக் கிடையாது. பிஐஓ என்ற குட்டி இயந்திரத்துக்கு எட்டு வரியில் ப்ரோகிராம் எழுதினால் ஐ2எஸ் கிடைத்துவிடும். ஒரு பிட்டுக்கு இரண்டு கட்டளை, ஆகவே பிஐஓ சாம்பிள் வேகத்தைப் போல் 128 மடங்கில் ஓட வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸுக்கு 6.144 மெகாஹெர்ட்ஸ். வழக்கமான 125 மெகாஹெர்ட்ஸை இதால் வகுத்தால் 20.345 வருகிறது. பிஐஓ பின்ன வகுத்தலையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் எப்படி? சில சுற்றுகளுக்கு 20, சில சுற்றுகளுக்கு 21 என்று மாற்றி மாற்றி வகுக்கும். அதனால் பிட் க்ளாக்கின் விளிம்பு 8 நானோசெகண்ட் முன்னும் பின்னும் ஆடும். அளவீட்டில் தெரியும், காதில் தெரியுமா என்பது தனிச் சண்டை. அந்தச் சண்டைக்கே போகாமல் தப்பிக்க வழி இருக்கிறது. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை பிஎல்எல்லில் 128 மடங்காக்கி 1536, அதைப் பத்தால் வகுத்து 153.6 மெகாஹெர்ட்ஸில் சிப்பை ஓட்டுங்கள். 153.6ஐ 6.144ஆல் வகுத்தால் சரியாக 25. சிப் வந்த காலத்தில் சொன்ன 133ஐ இது தாண்டும்தான், என் பிக்கோக்கள் எதுவும் முணுமுணுத்ததில்லை.

44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இப்படி முழு எண் அமையாது. கிட்டத்தில் கிடைக்கும் ஒன்று 135.6 மெகாஹெர்ட்ஸ், 24ஆல் வகுத்தால் 44,141 ஹெர்ட்ஸ் வருகிறது; 0.09 சதவீதம் வேகம். சுருதியில் அதைக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை. ஆனால் முதல் ஃபர்ம்வேரில் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மட்டும் காட்டுங்கள். மற்றதைக் கணினியே மாற்றிக் கொடுக்கும். ஓடுகிற ஒன்று கையில் இருந்தால் அடுத்தது எளிது.

இப்போது அந்த 'டிக்'. அப்போது நான் போட்டது வேறொரு மைக்ரோகன்ட்ரோலர், 44.1 கிலோஹெர்ட்ஸ். பாட்டு அருமையாக ஓடும், திடீரென்று ஒரு டிக். மறுபடி ஓடும். சால்டரைச் சந்தேகித்தேன், ஒயரைச் சந்தேகித்தேன், யுஎஸ்பி கேபிளை மாற்றினேன். ஒரு நாள் வெறுத்துப்போய் கடிகாரத்தை வைத்து எண்ணினால், கிட்டத்தட்ட நூறு விநாடிக்கு ஒரு முறை. சும்மா ஒரு முயற்சியாகப் பஃபரை, அதாவது வரும் சாம்பிள்கள் காத்திருக்கும் நினைவகத்தை, இரண்டு மடங்காக்கினேன். டிக் இருநூறு விநாடிக்கு ஒரு முறை ஆனது! அங்கேதான் பொறி தட்டியது. கணினி 44.1 என்று நினைப்பதும் என் போர்டு 44.1 என்று நினைப்பதும் ஒன்றில்லை. இரண்டும் இரண்டு கிரிஸ்டல். பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு 4.41 சாம்பிள் குறையும். பஃபரில் கையிருப்பு 441 சாம்பிள் என்றால் 100 விநாடியில் காலி. பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் தள்ளித்தான் போடலாம், தீர்க்க முடியாது.

தீர்வு யுஎஸ்பி ஆடியோ விதிமுறையிலேயே இருக்கிறது, அசிங்க்ரனஸ் முறை. அதில் தாளம் போடுவது உங்கள் போர்டு. கணினி ஒவ்வொரு மில்லிசெகண்டும் ஒரு பாக்கெட் அனுப்பும். அதில் எத்தனை சாம்பிள் வேண்டும் என்று ஃபீட்பேக் என்ட்பாயின்ட் (கணினிக்குத் திரும்பிப் போகும் தனிப் பாதை) வழியாக நீங்கள் அவ்வப்போது சொல்வீர்கள். ஃபுல் ஸ்பீட் யுஎஸ்பியில் (பிக்கோவில் இருக்கும் மெதுவான வகை) அந்த எண்ணுக்கு 10.14 என்று வடிவம்: மில்லிசெகண்டுக்கு எத்தனை சாம்பிளோ அதை 16,384ஆல் பெருக்கி மூன்று பைட்டில், சிறிய பைட் முதலில். 48க்கு 7,86,432. கணினி அதைப் பார்த்து பெரும்பாலும் 48 அனுப்பும், தேவைப்படும்போது 47, அல்லது 49.

எந்த எண்ணைச் சொல்வது? பெரிய கட்டுப்பாட்டுக் கோட்பாடெல்லாம் வேண்டாம். பஃபரில் இப்போது இருப்பு எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு. வித்தியாசத்தை 16ஆல் பெருக்கி 7,86,432உடன் கூட்டுங்கள். இருப்பு குறைந்தால் கொஞ்சம் கூடக் கேட்கிறோம், கூடினால் குறைத்துக் கேட்கிறோம். 16 என்பது 16,384இல் 1,024இல் ஒரு பங்கு, ஆகவே எந்த விலகலும் ஏறக்குறைய ஒரு விநாடிக் கணக்கில் மெதுவாகச் சரியாகும், துள்ளாது. கேட்கும் எண் 48இலிருந்து ஒரு சாம்பிளுக்கு மேல் விலகாமல் எல்லை கட்டிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் கணினி உங்கள் எண்ணை நம்பாமல் விட்டுவிடலாம். ஒரு கண்ணி உண்டு: இருப்பைக் கணக்கிடும்போது டிஎம்ஏ (நினைவகத்திலிருந்து தானாக எடுத்து அனுப்பும் வன்பொருள்) பாதியில் வைத்திருக்கும் துண்டையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இருப்பு படிக்கட்டு மாதிரி குதிக்கும், ஃபீட்பேக்கும் கூடவே குதிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, டிஸ்கிரிப்டரில் (போர்டு தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் விவரப் பட்டியலில்) எழுதும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு சாம்பிளுக்கு 6 பைட், 48 சாம்பிளுக்கு 288. கணக்கு சரியாக வருகிறதே என்று 288 எழுதிவிட்டேன். 49 வேண்டும் என்று போர்டு கேட்டாலும் கணினியால் அனுப்ப முடியாது, பாக்கெட்டில் இடமில்லை. ஒரு லேப்டாப்பில் டிக் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. எந்தக் கணினியின் கிரிஸ்டல் என் போர்டைவிட மெதுவோ அதில் மட்டும். 294 என்று மாற்றியதும் போயே போய்விட்டது. டிஸ்கிரிப்டரைத் திருத்தும்போதெல்லாம் அதில் உள்ள சாதனப் பதிப்பு எண்ணையும் ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் பழைய விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் மாற்றியதைக் கண்டுகொள்ளாமல் மணிக்கணக்கில் படுத்தும்.

ஃபுல் ஸ்பீடில் யுஎஸ்பி ஆடியோ முதல் பதிப்பே போதும். டைனியுஎஸ்பி நூலகத்தை வைத்துத் தொடங்கினாலும், பிக்கோவின் உதாரண சவுண்ட் கார்டு நிரலை வைத்துத் தொடங்கினாலும் சரி, மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். உதாரண நிரல்கள் ஓடிக் காட்டுவதற்காக எழுதப்படுபவை. இரண்டாம் பதிப்புக்கு விண்டோஸில் உள்ளமைந்த ஆதரவு 2017இல்தான் வந்தது. 24 பிட்டில் 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமானால் அந்தப் பதிப்பும் ஹை ஸ்பீட் யுஎஸ்பியும் தேவை, பிக்கோவால் ஆகாது. பாட்டை நிறுத்தும்போது கணினி ஆல்டர்னேட் செட்டிங் 0க்கு, அதாவது ஆடியோ ஓடாத நிலைக்கு, போகும். அப்போது பஃபரைக் காலி செய்து டேக்குக்குச் சுழியம் ஊட்ட வேண்டும். மறந்தால் டிஎம்ஏ கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப அரைத்து 'பிர்ர்ர்' என்று கத்தும். மறுபடி ஆரம்பிக்கும்போது பஃபர் பாதி நிறையும்வரை பொறுத்திருந்து தொடங்குங்கள்.

வால்யூம்: கணினி அனுப்புவது 16 பிட் எண், ஒரு டெசிபலில் 256இல் ஒரு பங்கு வீதம்; மைனஸ் 32,768 வந்தால் முழு மௌனம். அதை ஒரு அட்டவணை மூலம் பெருக்கு எண்ணாக மாற்றுங்கள். 16 பிட் சாம்பிளை 16 பிட் பெருக்கு எண்ணால் பெருக்கினால் 32 பிட் விடை. ஐ2எஸில் ஒரு சானலுக்கு இருக்கும் இடமும் 32 பிட். அப்படியே உள்ளே தள்ளலாம், ஒரு பிட்கூட வெட்ட வேண்டாம். "டிஜிட்டல் வால்யூம் பிட்டைத் தின்றுவிடும்" என்ற பயம், 16 பிட்டிலேயே பெருக்கி 16 பிட்டுக்கே வெட்டிய காலத்தின் மிச்சம். பெருக்கு எண்ணை ஒரேயடியாக மாற்றாமல் சில மில்லிசெகண்டுகளில் வழுக்கிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஜிப் இழுப்பது மாதிரி சத்தம் வரும்.

முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போது ஹெட்ஃபோன் மேஜையிலேயே இருக்க வேண்டாம். ஜாக்கில் 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, மல்டிமீட்டர் டிசி மில்லிவோல்ட்டில். 10க்குள் இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் எதையும் செருகாமல் தப்பைத் தேடுங்கள். அதன்பின் போனால் போகட்டும் என்கிற இயர்ஃபோன், அதற்கு அப்புறம்தான் நல்லது. மௌனக் கோப்பு ஒன்றை ஓட்டிக் கேளுங்கள். மெல்லிய விசில் சரியாக 1 கிலோஹெர்ட்ஸில் இருந்தால், அது யுஎஸ்பி மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மூச்சு விடும் சத்தம். டேக் போர்டை மட்டும் பேட்டரி வைத்த தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். விசில் போனால் குற்றம் சப்ளையில். போகாவிட்டால் கிரவுண்ட் பாதையில்.

இஎஸ்9038க்யூ2எம் மாதிரிப் பெரிய சிப்புகளை இதற்குப் பிறகு தொடலாம். அவற்றுக்கு மாஸ்டர் க்ளாக் வேண்டும், வெளியீட்டுக் கரன்ட்டை வோல்டேஜாக்க ஆப்-ஆம்ப் ஸ்டேஜ் வேண்டும், செட்டிங்கை மாற்ற ஐ2சி என்ற இரண்டு ஒயர் இணைப்பு வழியாகச் சிப்பின் ரிஜிஸ்டர்களை எழுத வேண்டும். ஆம்பும் கிரவுண்டும் ஃபீட்பேக் நிரலும் மாறப்போவதில்லை. கழற்றி மாட்டுவது டேக் போர்டை மட்டும்தான்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதே யுஎஸ்பியில் ஒரு சீரியல் போர்ட்டையும் திறந்து, விநாடிக்கு ஒருமுறை பஃபர் இருப்பை அச்சிடுங்கள். முழு ஆல்பம் ஒன்றை ஓடவிட்டு அந்த எண்களைப் படமாக வரையுங்கள். சரிவு இருந்தால் ஃபீட்பேக் வேலை செய்யவில்லை, அலை இருந்தால் 16 என்ற அந்த ஃபீட்பேக் பெருக்கு எண் அதிகம், படிக்கட்டு இருந்தால் டிஎம்ஏ கணக்கு தப்பு. இரண்டு வெவ்வேறு கணினிகளில் கோடு ஒரு மணி நேரம் படுத்தே கிடந்தால், அப்போது பெட்டிக்கு மூடி போட்டுத் திருகை முறுக்குங்கள்.